பகலிலா, இரவிலா? புலாவ் உபினில் வாழ்வோர் கணக்கு

உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளுக்காக ஒரு தாய் கேட்ட கேள்வி இது. சிறிய கடலோரச் சமூகம் ஒன்றின் புவியியலையும் மக்கள்தொகையையும் பற்றித் திட்டப்பணி செய்ய வேண்டுமாம். மகள் சிங்கப்பூரைச் சேர்ந்த புலாவ் உபின் தீவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். தீவின் பரப்பு எவ்வளவு, எத்தனை பேர் வாழ்கிறார்கள், ஏன் குறைந்துபோனார்கள், தமிழர்களுக்கும் அந்தத் தீவுக்கும் தொடர்பு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். தேடிய இடத்தில் எல்லாம் வேறு வேறு எண்கள் வருகின்றன, எதை எழுதுவது என்பதுதான் அவருடைய குழப்பம்.

பல ஆண்டுகளாகத் தொண்டூழிய வழிகாட்டியாக அந்தத் தீவுக்குப் போய் வருகிறேன். எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மகள் தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும்.

பரப்பில் சிக்கல் இல்லை. ஏறத்தாழ 10.2 சதுர கிலோமீட்டர். வழுக்குவது மக்கள்தொகைதான். அதற்குக் காரணம் கணக்கெடுத்தவர்களின் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை படகுத்துறைக்கு அருகில் இளநீர் விற்கும் மலாய் அம்மா ஒருவரிடம், "மக்சிக், இங்கே எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் இளநீரைச் சீவியபடி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சியாங்கா, மாலாமா?" என்று திருப்பிக் கேட்டார். பகலிலா, இரவிலா என்று பொருள். அவரே மாலை ஆனதும் சிங்கப்பூர்ப் பெருந்தீவில் இருக்கும் சாங்கிக்குப் படகு ஏறி, பாசிர் ரிஸில் மகள் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் திரும்பி வருகிறவர். அவர் பிறந்த வீடு தீவில் இருக்கிறது, பூனைகள் தீவில் இருக்கின்றன, பிழைப்பும் அங்கேதான். அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அரசின் மக்கள்தொகை அட்டவணையைப் பார்த்தாலும் நேரடி விடை கிடைக்காது. அதில் உபினுக்குத் தனி வரிசை இல்லை. உபினையும் பக்கத்துத் தீவான தெக்கோங்கையும் சேர்த்து "வடகிழக்குத் தீவுகள்" என்ற ஒரே திட்டப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். எண்களும் பத்தின் மடங்குகளாகத்தான் தரப்படுகின்றன. லட்சம் பேர் வாழும் பேட்டைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முப்பது, நாற்பது பேர் மட்டும் வாழும் ஊருக்கோ ஒரு குடும்பம் இடம் மாறினாலே அட்டவணையில் ஊரின் கால் பங்கு காணாமல் போகும், அல்லது புதிதாக முளைக்கும். தெக்கோங் இன்று ராணுவப் பயிற்சித் தீவு. அங்கிருந்த கம்பத்து (கிராமத்து) மக்கள் 1980களிலேயே வெளியேறிவிட்டார்கள். எனவே அட்டவணையில் மிஞ்சியிருக்கும் சில பத்துப் பேரை உபின்வாசிகள் என்று எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை இல்லை.

அளவு புரிய ஓர் ஒப்பீடு. தோ பாயோ திட்டப் பகுதி 8 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், அதாவது உபினைவிடச் சிறியது. அங்கே வாழ்வோர் ஒரு லட்சத்துக்கு மேல். உபினிலோ எல்லாரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம், நின்றுகொண்டு வர வேண்டியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இனி நிலம். தீவு சிங்கப்பூரின் வடகிழக்கில், ஜோகூர் நீரிணையில் கிடக்கிறது. வடக்கே மலேசியக் கரை. தெற்கே சாங்கிக்கும் தீவுக்கும் நடுவில் சிராங்கூன் துறைமுகம் என்று வரைபடத்தில் குறிக்கப்படும் நீர்ப்பரப்பு. மேலிருந்து பார்த்தால் வளைதடி போன்ற வடிவம். ஆனால் அந்த வடிவம் இயற்கையானது என்று மகள் எழுதிவிட வேண்டாம். முன்பு அது ஐந்து சிறு தீவுகளாக இருந்தது. நடுவில் அலையேற்றத்தில் நிரம்பி, இறக்கத்தில் சேறாகும் ஓடைகள். இறால் வளர்ப்பவர்கள் அந்த ஓடைகளுக்குக் குறுக்கே வரப்புக் கட்டிக் குட்டைகளாக்கினார்கள். வரப்பு நிலமாயிற்று, ஐந்து தீவு ஒன்றாயிற்று. ஜெலுத்தோங், மாமாம் என்ற ஆறுகளின் பெயர்களில் அந்தப் பழைய பிளவுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. தென்மேற்கில் புலாவ் கெத்தாம் ஒட்டாமல் தனியே நிற்கிறது. கெத்தாம் என்றால் நண்டு.

அடியில் இருப்பது கருங்கல். 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவான பாறை, பெருந்தீவின் புக்கிட் தீமா குன்றின் வயிற்றில் இருக்கும் அதே இனம். தீவின் பெயரே கல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். மலாயில் "ஜூபின்" என்றால் தரையில் பதிக்கும் ஓடு. "புலாவ் பத்து ஜூபின்" என்பது தேய்ந்து "புலாவ் உபின்" ஆயிற்றாம். சீனர்கள் வைத்த பெயருக்கோ நேர்ப்பொருள் "கல்மலை". நம் ஆட்கள் அங்கே ஊர் அமைத்திருந்தாலும் அதையேதான் வைத்திருப்பார்கள். ஈப்போவில் கல்லுமலை கோயில் இருக்கிறதே!

கரையோரப் பாறைகளில் செங்குத்தாக ஓடும் பள்ளங்களை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். ராட்சத விரல்களால் ஈரக் களிமண்ணைக் கீறிவிட்டது போல இருக்கும். மழை நீர் வழிந்து வழிந்து கருங்கல்லை அரித்த தடம் அது. ஜே. ஆர். லோகன் என்ற அறிஞர் 1840களிலேயே இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தீவின் உயரமான இடமான புக்கிட் புவாக்கா ஏறத்தாழ 75 மீட்டர்தான், இருபது சொச்சம் மாடி கொண்ட ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் உயரம். ஆனால் மேலே ஏறி நின்றால் கீழே பச்சையாகத் தேங்கி நிற்கும் உபின் குவாரி தெரியும். மலையை வெட்டி வெட்டிக் குளமாக்கியிருக்கிறார்கள்.

மக்கள்தொகை வரலாறு முழுவதும் அந்தக் குளத்துக்குள்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம். கல் ஆட்களைக் கொண்டுவந்தது, கல் ஓய்ந்ததும் ஆட்கள் கரைந்தார்கள். மற்றக் காரணங்கள் எல்லாம் இதன் பக்கத்தில் வருபவை.

வரிசையாகச் சொல்கிறேன். 1824 உடன்படிக்கை சிங்கப்பூரையும், கரையிலிருந்து பத்துக் கடல் மைலுக்குள் இருக்கும் தீவுகளையும் பிரிட்டிஷார் கையில் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் ரெசிடென்ட், அதாவது சிங்கப்பூரின் பிரிட்டிஷ் நிர்வாகி, ஜான் கிராஃபர்ட் கப்பலில் சிங்கப்பூரைச் சுற்றி வந்து, உபினில் இறங்கிக் கொடியேற்றி, 21 குண்டுகள் முழங்கச் செய்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டது காட்டுப் பன்றிகளாகத்தான் இருக்கும். பிறகு கல்லுக்குத் தேவை வந்தது. தென்சீனக் கடல் வாயிலில் பெட்ரா பிராங்கா பாறை மேல் எழுப்பிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851இல் ஒளிர்ந்தது. அதற்கான கல் உபினில் வெட்டியது. 1855இல் முடிந்த ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்கும் இங்கிருந்துதான் கல் போயிற்று. 1919இல் தொடங்கி 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபின் கல் போனது. அடுத்த முறை உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி நெரிசலில் சிக்கிப் பேருந்தில் முனகிக்கொண்டிருக்கும்போது, சக்கரத்துக்கு அடியில் எந்தத் தீவு கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தமிழர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடை இந்தக் கல்லில்தான் இருக்கிறது, ஆனால் பெருமையாக நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வகையில் இல்லை. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் நாடுகடத்தல் தலம். மதராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கப்பலில் வந்த அவர்கள்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவையும் எழுப்பினார்கள். சாலைகள் போட்டார்கள், சதுப்பு தூர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் உபினில் கல் உடைத்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர்கள் குடியேற வரவில்லை, தண்டனையை அனுபவிக்க வந்தவர்கள். தண்டனை தீர்ந்தவர்கள் நகரத்தில் தங்கி மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், கடை வைத்தார்கள். கடலுக்கு நடுவே கல்லுடைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் வீடு கட்ட யாருக்கு மனம் வரும்? பிற்காலத்தில் வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு தஞ்சோங் பகார் துறைமுகமும், செம்பவாங் கடற்படைத் தளமும், நகராட்சி வேலைகளும் இருந்தன. உபினில் மலாய்க் கம்பங்கள் பல இருந்தன, சீன ஊர் இருந்தது, தமிழர் கம்பம் என்று பெயர் சொல்ல ஒன்று எழவில்லை.

மலாய்க் குடியேற்றம் வேறு கதை. 1880களில் எண்டுட் செனின் என்பவர் தலைமையில் காலாங் ஆற்றங்கரையிலிருந்து ஒரு கூட்டம் உபினுக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் கடலை நம்பி வந்தவர்கள். கம்போங் மெலாயு, ஜெலுத்தோங், மாமாம், சுங்கை டூரியான் என்ற பெயர்களை வரைபடத்தில் வட்டமிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கரையோரத்தில் அல்லது ஆற்று வாயில் விழும். சீனர்கள் குவாரிகளை ஒட்டியும், இப்போது படகுத்துறை இருக்கும் ஊரிலும், ரப்பர், தென்னை, டுரியான் தோட்டங்களை ஒட்டியும் வாழ்ந்தார்கள். ஒருவர் கண் கடலில், ஒருவர் கண் கல்லில். தீவுக்குள் குடியிருப்பு இப்படிச் சிதறிக் கிடந்ததற்கு இதுதான் காரணம். மகள் படம் வரைந்தால் இந்த இரண்டு நிறங்களிலும் புள்ளி வைக்கட்டும், பத்தி பத்தியாக எழுதுவதைவிட அது தெளிவாக இருக்கும்.

உச்சக் காலம் 1950களிலிருந்து 1970கள் வரை. 2,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். சீனப் பள்ளி, மலாய்ப் பள்ளி, காவல் நிலையம், தெய்வங்களுக்கு நாடகம் போடும் மேடை எல்லாம் இருந்தன. அந்த மேடை இன்றும் ஊர் நடுவில் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. விழா நாளில் நடிகர்கள் சாமியைப் பார்த்துத்தான் ஆடுவார்கள், நாம் ஓரமாக நின்று பார்க்கலாம்.

பிறகு ஏன் குறைந்தார்கள்? குவாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, கடைசிக் குவாரி 1999இல் ஓய்ந்தது. ஆனால் சரிவு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பெருந்தீவில் வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. குழாயைத் திருகினால் தண்ணீர், விசையைத் தட்டினால் மின்சாரம், கீழே இறங்கினால் பேருந்து. வேலையும் அங்கேதான். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிகளால் நடத்த முடியவில்லை, சீனப் பள்ளி 1985இல் மூடப்பட்டது. பள்ளி மூடிய ஊரில் இளம் குடும்பம் தங்காது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2000ஐ ஒட்டி ஏறத்தாழ நூறு பேர். இன்று சில பத்துப் பேர், பெரும்பாலும் முதியவர்கள்.

குழாய் நீர் இன்றுவரை அங்கே போகவில்லை. வீட்டுக்கு வீடு கிணறு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம். சிதைந்த கருங்கல் மண் அந்த மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ஆழம் அதிகம் தோண்ட வேண்டியதில்லை. ஒரு வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம், நைலான் கயிற்றில் பழைய சாய வாளி, உள்ளே கை நீட்டினால் எட்டிவிடுமோ என்று தோன்றும் உயரத்தில் நீர். வாளியை எப்படி லாவகமாகக் கவிழ்த்தால் நிறையும் என்று அந்த வீட்டுத் தாத்தா காட்டினார். எனக்கு ஊரில் பாட்டி வீட்டில் பழக்கம்தான், ஆனாலும் மூன்று முறை வெறும் வாளி மேலே வந்தது. மின்சாரத்துக்கு டீசல் மின்னாக்கி, மாலையானால் ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் அது கடகடக்கும். படகுத்துறைப் பக்கம் 2013இல் சூரிய ஒளி சேர்த்த நுண் மின்கட்டமைப்பு ஒன்றைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் 22 வீடுகளுக்குப் போன ஓர் அறிவிப்பு, எல்லாரையும் வெளியேற்றப் போகிறார்கள் என்ற பதற்றத்தைக் கிளப்பியது. வாடகை உரிமம் பற்றிய விஷயம், வெளியேற்றம் இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த 22 என்ற எண் மகளுக்கு உதவும், ஊரின் அளவைக் குடும்பக் கணக்கில் காட்டுகிறது.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா. 100 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. மணல் கரை, பாறைக் கரை, கடற்புல் படுகை, பவழச் சிதைவுத் திட்டு, கண்டல் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஒரே மூலையில். அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் இருந்தது. பொதுமக்களும் ஆய்வாளர்களும் எழுப்பிய குரலுக்குப் பின் 2001 டிசம்பரில் அது தள்ளிவைக்கப்பட்டது. ரத்து செய்யப்படவில்லை, தீவு வளர்ச்சிப் பணிக்குத் தேவைப்படாத வரை தள்ளிவைப்பு. இந்த வேறுபாட்டை மகள் சரியாக எழுதினால் ஆசிரியருக்குப் பிடிக்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடைபாதை 2007இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜோகூரில் பெருவெள்ளம். ஆற்று நீர் நீரிணையில் கொட்டி உப்பு குறைந்து, செக் ஜாவாவில் கடற்பஞ்சுகளும் கம்பளக் கடற்சாமந்திகளும் கும்பலாக மடிந்தன. எல்லைக்கோட்டை மனிதர்கள் வரைகிறார்கள், மழைக்கு அதைப் படிக்கத் தெரியாது. யானைகளுக்கும் தெரியாது. 1991இல் ஜோகூரிலிருந்து நீந்தி உபினில் கரையேறியவை உண்டு.

நீரிணையில் மிதக்கும் மீன் பண்ணைகளும் இருக்கின்றன. சாங்கியிலிருந்து போகும்போது மரச்சட்டங்களும் நீல நெகிழிப் பீப்பாய்களுமாகத் தெரியும். அங்கே இரவு தங்குபவர்கள் உபின்வாசிகள் இல்லை, கரையில் படுக்காத கடலோர மக்கள். 1967 முதல் தீவில் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சி மையத்தில் கூடாரத்தில் படுக்கும் மாணவர்களும் இரவுக் கணக்கில் சேர்வார்கள், குடியிருப்போர் கணக்கில் சேர மாட்டார்கள். விடுமுறை நாளில் சைக்கிள் மிதிக்க வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஆயிரங்களில் இருக்கும். இளநீர் அம்மா கேட்ட கேள்வி இப்போது புரிந்திருக்கும்.

நேரில் போய்ப் பார்ப்பதாக இருந்தால்: சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு எடுப்பார்கள். ஆளுக்கு 4 வெள்ளி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பயணம் பத்து நிமிடம்தான். டீசல் புகை பின் இருக்கையில் அதிகம், முன்பக்கம் உட்காருங்கள். செக் ஜாவாவின் தரை தெரிய வேண்டுமானால் அலை அட்டவணையில் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும், மற்ற நாளில் வெறும் தண்ணீர்தான். பழைய குவாரி ஓரங்களில் பாறை விளிம்பைக் கூர்ந்து பாருங்கள், வெடி வைக்கத் துளைத்த குழிகளின் பாதி இன்னும் அரைக்குழாய் போல நிற்கும். விரலை உள்ளே விட்டு இழுத்தால் வழுவழுப்பாக இருக்கும். வேலிக்குள் மட்டும் போக வேண்டாம், நீர் ஆழம்.

திட்டப்பணியில் என்ன எண் எழுதுவது? நிலையாகக் குடியிருப்போர் "சில பத்துப் பேர்" என்று எழுதி, பக்கத்தில் எந்த ஆண்டு, எந்தக் கணக்கு என்று குறிக்கச் சொல்லுங்கள். 1970களின் 2,000ஐ அதன் அருகில் வைத்தால் ஒரே பார்வையில் சரிவு தெரியும். ஒரு தவற்றை மட்டும் தவிர்க்கட்டும். உபினைச் "சிங்கப்பூரின் கடைசிக் கம்பம்" என்று பலரும் எழுதுகிறார்கள். பெருந்தீவிலேயே லோரோங் புவாங்கோக் கம்பம் இன்னும் இருக்கிறது, அங்கே கிணற்றுக்குப் பதில் குழாய் உண்டு.